டோனர்ஸ்சூஸ்: அரசு உயர்நிலைப் பள்ளிக்குக் கொடுக்க விரும்புவோர்க்கு ஒரு மதிப்புரை

அமெரிக்காவில் அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் வகுப்புக்கு வேண்டிய பொருள்களைப் பட்டியலிட்டுப் பொதுமக்களிடம் கேட்கிறார். முன்பின் அறியாத ஒருவர் அந்தப் பட்டியலைப் படித்துவிட்டுப் பத்து டாலரோ நூறு டாலரோ தருகிறார். இவ்விருவருக்கும் இடையில் நின்று, பணத்தைப் பொருளாக்கிப் பள்ளிக்கு அனுப்பிவைக்கும் இணையச் சேவைதான் டோனர்ஸ்சூஸ். இலாப நோக்கற்ற அமைப்பு அது. தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி என எல்லா நிலை ஆசிரியர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள உயர்நிலைப் பள்ளிகளுக்கு, குறிப்பாக வசதி குறைந்த பகுதிகளில் இருப்பவற்றுக்கு, இந்தச் சேவை எந்த அளவுக்குப் பயன்படுகிறது என்பதையே இங்குப் பார்க்கிறேன். சிறு குழந்தைகளின் வகுப்புக்கு நன்றாகப் பொருந்தும் சில ஏற்பாடுகள் இந்த வயதுப் பிள்ளைகளின் பள்ளிக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை என்பது என் கருத்து.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு முதலில் ஒரு திகைப்பு வரும். பாடநூல், குறிப்பேடு, சீருடை, பதினோராம் வகுப்பில் மிதிவண்டி என்று அரசே தரும் வழக்கத்தைப் பார்த்துப் பழகிய நமக்கு, உலகின் மிகப் பெரிய பொருளாதாரத்தில் வேதியியல் ஆசிரியர் ஒருவர் பாதுகாப்புக் கண்ணாடிக்காக ஊர்பேர் தெரியாதவர்களிடம் கை நீட்டுவது விளங்காது. காரணம், அந்நாட்டில் பள்ளிகளுக்குப் பணம் வரும் வழி. மத்திய அரசின் பங்கு ஏறத்தாழப் பத்தில் ஒன்று மட்டுமே. எஞ்சியதை மாநில அரசும், அந்தந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளாட்சி அமைப்பான கல்வி மாவட்டமும் கிட்டத்தட்டச் சரிபாதியாகச் சுமக்கின்றன. கல்வி மாவட்டத்தின் வருவாயில் பெரும்பகுதி வீட்டு மனைகளின் மீதான சொத்துவரி. வீடுகளின் விலை உயர்ந்த இடத்தில் பள்ளிக்குப் பணம் பெருகும். விலை தாழ்ந்த இடத்தில் அதே விகிதத்தில் வரி விதித்தாலும் கிடைப்பது குறைவு. மாநில அரசுகள் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகின்றன. ஆனால் நிரப்பும் அளவு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் எட்ஜ்வுட் என்னும் ஏழை மாவட்டத்துப் பெற்றோர் தொடுத்த வழக்கில், இப்படி வேறுபட்ட நிதி கிடைப்பது அரசியல் சாசனத்துக்கு முரண் அன்று என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதன்பின் மத்திய நீதிமன்றங்களில் அந்தக் கதவு அடைபட்டது. வழக்குகள் மாநில நீதிமன்றங்களுக்கு நகர்ந்தன.

விளைவு ஆசிரியரின் பணப்பையில் தெரிகிறது. 2014-15 கல்வியாண்டில் அரசுப் பள்ளி ஆசிரியர்களில் 94 விழுக்காட்டினர் வகுப்பறைக்காகச் சொந்தப் பணத்தைச் செலவிட்டார்கள் என்றும், அப்படிச் செலவிட்டோரின் சராசரி 479 டாலர் என்றும் அந்நாட்டுத் தேசியக் கல்விப் புள்ளிவிவர மையம் கணக்கெடுத்துச் சொல்லியது. இதற்காக வருமானவரியில் அவர்கள் கழித்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட தொகை நெடுங்காலம் 250 டாலராக இருந்து, 2022இல்தான் 300 டாலர் ஆயிற்று.

டோனர்ஸ்சூஸ் பிறந்ததும் இத்தகைய ஒரு பள்ளியில்தான். நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் விங்ஸ் அகாடமி என்னும் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் பாடம் நடத்திய சார்லஸ் பெஸ்ட் 2000ஆம் ஆண்டில் இதைத் தொடங்கினார். நகல் எடுக்கக்கூடக் கைக்காசைச் செலவழிக்க வேண்டியிருக்கிறதே என்று சக ஆசிரியர்கள் உணவு இடைவேளையில் பேசிக்கொண்டதே தூண்டுதல். முதலில் பதிவான 11 கோரிக்கைகளை இட்டவர்கள் அவருடைய சக ஆசிரியர்கள். அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் சொல்லாமல் பணம் கட்டியவரும் அவரே. கொடையாளர்கள் காத்திருக்கிறார்கள் என்ற செய்தி அதனால் பரவியது. பிறகு அவருடைய மாணவர்கள் பள்ளி நேரத்துக்குப் பின் அமர்ந்து ஏறத்தாழ 2,000 பேருக்குக் கையால் கடிதம் எழுதினார்கள். 2003இல் ஓப்ரா வின்ஃப்ரேயின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இடம்பெற்றது; 2007இல் எல்லா மாநிலங்களின் அரசுப் பள்ளிகளுக்கும் சேவை விரிந்தது. இன்று இதன் வழியே வகுப்பறைகளுக்குச் சென்ற தொகை 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. இயந்திரக் கற்றல் பயின்ற தமிழ் இளைஞர் பலருக்கு இந்தப் பெயர் வேறு வழியில் அறிமுகம்: ஆசிரியர்களின் கோரிக்கைக் கட்டுரைகள் அடங்கிய தரவுத்தொகுப்பை தரவுப் பகுப்பாய்வுப் போட்டிகள் நடத்தும் கேகிள் தளத்தில் இந்த அமைப்பு போட்டிக்கு வைத்திருந்தது, அதை வைத்துப் பயிற்சிக் கணக்குப் போட்டவர்கள் நம்மில் ஏராளம். அந்தக் கட்டுரைகளுக்குப் பின்னால் உண்மையான வகுப்புகள் இருந்தன என்பதைப் பலர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சேவையின் சிறப்பு முழுவதும் ஒரே ஒரு முடிவில் அடங்கியிருக்கிறது: ஆசிரியர் கையில் பணம் போவதில்லை. அவர் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர்களின் பட்டியலிலிருந்து பொருள்களைத் தேர்ந்து, அவை எதற்கு வேண்டும் என்று விளக்கி எழுதுகிறார். அமைப்பின் ஆட்கள் அதைச் சரிபார்த்து வெளியிடுகிறார்கள். முழுத்தொகையும் சேர்ந்த பிறகு அமைப்பே பொருளை வாங்கிப் பள்ளியின் முகவரிக்கு அனுப்புகிறது. வந்து சேர்ந்ததும், மாணவர்கள் அதைப் பயன்படுத்தும் படங்களையும் ஒரு நன்றிக் கடிதத்தையும் ஆசிரியர் பதிவேற்ற வேண்டும். அந்தக் கடமையைத் தவறவிட்டால் அடுத்தடுத்த கோரிக்கைகளை இடும் தகுதி குறையும்படி ஒரு புள்ளிமுறையும் வைத்திருக்கிறார்கள். வாங்கிய பொருள் பள்ளியின் உடைமை. ‘கொடுத்த பணம் எங்கே போயிற்று’ என்ற ஐயம் நம் ஊர்ப் பழக்கத்தால் நமக்குச் சற்று மிகுதி. அந்த ஐயத்தோடு வருபவருக்கு இதைவிட நேரான ஏற்பாட்டைக் காட்டுவது கடினம். ஒவ்வொரு கோரிக்கையின் கீழும் எந்தப் பொருள், எந்தக் கடை, ஒன்றின் விலை என்ன, எத்தனை என்ற விவரம் இருக்கும். நான் கொடுப்பதற்கு முன் ஆசிரியரின் கட்டுரையைவிட இந்தப் பட்டியலைத்தான் முதலில் படிக்கிறேன்.

அந்த விலைப்பட்டியலை வரி வரியாகப் பார்ப்பது பயன் தரும். பொருள்களின் விலைக்குக் கீழே, விற்பனையாளர் கேட்கும் அனுப்புச் செலவு, பொருந்துமிடத்தில் விற்பனை வரி, கடனட்டை நிறுவனத்துக்குப் போகும் 1.5 விழுக்காடு, கொள்முதல் வேலைக்கென்று 30 டாலர் ஆகியவை சேரும். இந்த 30 டாலர் கோரிக்கையின் அளவைப் பொறுத்து மாறுவதில்லை. ஆகவே 150 டாலர் பொருளுக்கு அது ஐந்தில் ஒரு பங்கு; 900 டாலர் பொருளுக்கு முப்பதில் ஒரு பங்கு. மிகச் சிறிய கோரிக்கைகள் மனத்தை எளிதில் ஈர்ப்பவை, ஒரே நாளில் நிறைவேற்றிவிடக்கூடியவை என்றாலும், கணக்குப்படி பார்த்தால் அவற்றில்தான் ஒரு டாலருக்குக் குறைவான பொருள் கிடைக்கிறது. இதற்கு மேல், நாம் தரும் தொகையில் 15 விழுக்காட்டை நிறுவனத்தின் நடைமுறைச் செலவுக்கு ஒதுக்குமாறு பணம் கட்டும் பக்கம் கேட்கிறது. விருப்பத்துக்கு உட்பட்டது அது. குறைக்கலாம், நீக்கவும் செய்யலாம். நான் பெரும்பாலும் நீக்குவதில்லை. சரிபார்ப்பவர்களுக்கும் கொள்முதல் செய்பவர்களுக்கும் யாராவது சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஆயினும் கேட்காமலே சேர்ந்திருக்கும் தொகையைக் கவனித்துத்தான் நீக்க வேண்டும் என்ற அமைப்பு எனக்கு உவப்பாக இல்லை. கொடையாளர் தாமே முன்வந்து சேர்க்கும்படி வைத்திருந்தால் இன்னும் மதிப்பாக இருந்திருக்கும்.

பொருள்களின் விலையைப் பொறுத்தவரை பெரிய குறை சொல்ல முடியாது; அமேசானின் வணிகப் பிரிவு உள்பட அறிந்த விற்பனையாளர்களே பட்டியலில் இருக்கிறார்கள். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. ஆகஸ்டு மாதத்தில் பள்ளி திறக்கும் காலத்துத் தள்ளுபடியில் குறிப்பேடும் பென்சிலும் பெருங்கடைகளில் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். அந்த மாதத்தில் குறிப்பேட்டுக்காகவே ஒருவர் கொடுக்க நினைத்தால், அருகிலுள்ள பள்ளிக்கு நேரே வாங்கிக் கொடுப்பதே சிக்கனம். இந்தச் சேவையின் பலம் வேறு வகைப் பொருள்களில் இருக்கிறது.

அந்த வகை எது என்பது உயர்நிலைப் பள்ளியின் நாள் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் விளங்கும். தொடக்கப் பள்ளி ஆசிரியர் நாள் முழுவதும் ஏறத்தாழ 25 பிள்ளைகளோடு இருப்பார். உயர்நிலைப் பள்ளியில் ஒரு வேதியியல் ஆசிரியரிடமோ ஆங்கில ஆசிரியரிடமோ ஐந்து பிரிவுகள், பிரிவுக்கு முப்பது பேர் என்று நாளொன்றுக்கு 150 பேர் வந்துபோவார்கள். அச்சுத் தாளும் மையும் அந்த விகிதத்தில் தீரும். நாவல் ஒன்றைப் பாடமாக வைத்தால், நெருக்கடியான பள்ளியில் 35 படிகள்தான் இருக்கும். ஐந்து பிரிவினரும் அவற்றையே மாறி மாறிப் படித்துவிட்டு மேசையில் வைத்துப் போக வேண்டும். வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாத புத்தகத்தில் வீட்டுப்பாடம் கொடுக்க முடியாது. ஆகவே வாசிப்பு முழுவதும் வகுப்பு நேரத்தைத் தின்கிறது, விவாதத்துக்கு நேரம் இருப்பதில்லை. இந்த நிலையில் கூடுதலாக நூறு படிகள் கேட்கும் கோரிக்கை வெறும் புத்தகக் கோரிக்கை அன்று. அது பாடவேளையைத் திருப்பித் தரும் கோரிக்கை. ஆய்வகத்திலும் இப்படியே. பாதுகாப்புக் கண்ணாடிகள் ஒரு பிரிவுக்குப் போதுமான அளவே இருந்தால் அவற்றை அடுத்த பிரிவுக்குத் தருமுன் கிருமிநீக்கம் செய்தாக வேண்டும். அதற்கான புறஊதா அலமாரி இல்லாத பள்ளியில் ஆசிரியர் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருப்பார், அல்லது செய்முறையைக் கைவிட்டுக் காணொளியைப் போட்டுக் காட்டுவார். வேதிப்பொருள், வடிதாள், உயிரியல் வகுப்புக்குரிய மாதிரிகள் போன்றவை ஒருமுறை பயன்படுத்தினால் தீர்ந்துபோகிறவை. ஆண்டுதோறும் வாங்க வேண்டியவை. இத்தகைய கோரிக்கைகளில்தான் இந்தச் சேவை பெறுமதி மிக்கது. கடைத்தெருவில் கிடைக்காத பொருளை, ஆசிரியரே குறிப்பிட்ட தரத்தில், பள்ளி வாசலுக்கே கொண்டுசேர்க்கும் வசதியை வேறெங்கும் நாம் எளிதில் பெற முடியாது.

வரைபடக் கணிப்பான்களைக் குறித்துத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். டிஐ-84 வகைக் கணிப்பான் ஒன்று நூறு டாலருக்கு மேல். ஒரு வகுப்புக்கு முப்பது என்றால் மூவாயிரத்தைத் தாண்டிவிடும். இவ்வளவு பெரிய தொகையைப் பார்த்ததும் கொடையாளர் விலகிப் போவார் என்று அறிந்த ஆசிரியர்கள் அதைப் பத்துப் பத்தாகப் பிரித்துக் கேட்பது வழக்கம். ஆனால் 2024 வசந்தம் முதல், கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வு அமெரிக்காவில் முழுமையாகக் கணினிக்கு மாறி, டெஸ்மோஸ் என்னும் வரைபடக் கணிப்பான் மென்பொருள் தேர்வுச் செயலிக்குள்ளேயே வந்துவிட்டது. கணிப்பானின் தேவை ஒழிந்துவிடவில்லை. எனினும் கல்லூரித் தேர்வுக்காக என்ற ஒரே காரணத்தைச் சொல்லிக் கேட்கும் கோரிக்கைக்கு முன்புபோல் உடனே கொடுக்க எனக்குக் கை வருவதில்லை. ஆசிரியர் எந்தப் பாடத்துக்கு, எந்த அலகுக்கு என்று எழுதியிருக்கிறாரா என்று பார்ப்பேன்.

இனி, குறைகள். முதலாவது குறை சேவையின் பெயரிலேயே இருக்கிறது: தேர்ந்தெடுப்பவர் கொடையாளர். ஆயிரக்கணக்கான கோரிக்கைகளில் எது கண்ணில் பட வேண்டும், எது மனத்தைத் தொட வேண்டும் என்பதை எழுத்து தீர்மானிக்கிறது. நன்றாக எழுதத் தெரிந்த, எந்தப் படம் கவரும் என்று அறிந்த, தம் கோரிக்கையை நண்பர் வட்டத்தில் பகிர ஆள்பலம் உள்ள ஆசிரியர் முந்திக்கொள்கிறார். நண்பர்களும் தம்மைப்போலவே கையைப் பிசைந்துகொண்டிருக்கும் ஊரிலுள்ள ஆசிரியர் பின்தங்குகிறார். இந்தப் போட்டியில் உயர்நிலைப் பள்ளிக்கு இன்னொரு பின்னடைவும் உண்டு. வண்ணக் கம்பளத்தில் உட்கார்ந்து கதைப்புத்தகம் படிக்கும் ஆறு வயதுக் குழந்தையின் படத்துக்கு இருக்கும் ஈர்ப்பு, தலையைக் குனிந்து சோதனைக்குழாயைப் பார்க்கும் பதினாறு வயதுப் பையனின் முதுகுக்கு இராது. நம்மில் பலரும் அறியாமலே சிறியவர் பக்கம் சாய்கிறோம். பக்கத்தின் வடிகட்டியில் வகுப்பு நிலையை 9 முதல் 12 என்று அமைத்துவிட்டுத் தேடுவது இதற்கு எளிய மாற்று. தொடங்கும் முன் அதைச் செய்வது நல்லது.

இரண்டாவது குறை நுட்பமானது. பள்ளியின் வறுமை நிலையைக் காட்ட, குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர் எத்தனை விழுக்காடு என்ற விவரம் கோரிக்கையோடு இருக்கும். அதன் அடிப்படை, இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதி பெற்றோர் எண்ணிக்கை. குடும்ப வருமானம் மத்திய அரசின் வறுமைக்கோட்டில் 130 விழுக்காட்டுக்குள் இருந்தால் உணவு இலவசம்; 185 விழுக்காடு வரை சலுகை விலை. அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுக்கத் தொடக்கப் பள்ளியில் பெற்றோர் தயங்குவதில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை தோழர்கள் முன் அதை நீட்டக் கூசுகிறது. அதனால் உயர்நிலைப் பள்ளியின் எண், அதே தெருவிலுள்ள தொடக்கப் பள்ளியின் எண்ணைவிடக் குறைவாகப் பதிவாவது அமெரிக்கக் கல்வித் துறையில் நன்கறிந்த செய்தி. ஏழை மாணவர்க்கான மத்திய நிதி, 75 விழுக்காட்டுக்கு மேல் வறுமையுள்ள பள்ளிகளுக்கு முன்னுரிமையாகப் போக வேண்டும் என்ற விதியில், உயர்நிலைப் பள்ளிக்கு மட்டும் அந்த வரம்பை 50 விழுக்காடாகக் குறைத்துக்கொள்ள 2015ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்டங்களுக்கு இடமளித்ததற்கு இதுவும் ஒரு காரணம். மறுபுறம், 2014 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஏற்பாட்டின்படி தகுதியுள்ள பள்ளிகள் தனித்தனிப் படிவமின்றி எல்லாருக்குமே இலவச உணவு தரலாம். 2023இல் அதற்கான தகுதி வரம்பு 40 விழுக்காட்டிலிருந்து 25 ஆகத் தளர்த்தப்பட்டது. ஆக, இந்த எண் ஓரிடத்தில் குறைத்துக் காட்டும், இன்னோரிடத்தில் கூட்டிக் காட்டும். எண்ணை மட்டும் நம்பாமல், பள்ளி இருக்கும் பகுதியையும், கோரிக்கையில் இருப்பது அடிப்படைப் பொருளா அலங்காரப் பொருளா என்பதையும் சேர்த்துப் பார்ப்பதே முறை.

ஏனெனில் இங்கே கேட்பவர்கள் எல்லாரும் ஏழைப் பள்ளிக்காரர்கள் அல்லர். அரசுப் பள்ளி ஆசிரியர் யாராயினும் கோரிக்கை இடலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கமே ஆண்டுதோறும் பெருந்தொகை திரட்டும் புறநகர்ப் பள்ளியின் ஆசிரியரும் நான்காவது முப்பரிமாண அச்சுப்பொறிக்குக் கேட்கலாம். அதைத் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் உங்கள் நூறு டாலர் அங்கே போனால், இடைவெளியைக் குறைப்பதற்குப் பதில் கூட்டியதாகும். வருமானமும் இனப் பின்னணியும் சேர்ந்து நெடுங்காலமாகப் புறக்கணிக்கப்பட்ட பள்ளிகளை அமைப்பு தனியாக அடையாளம் காட்டுகிறது. அந்த அடையாளத்தைத் தேடலில் பயன்படுத்தலாம்.

நன்றிக் கடிதம் பற்றியும் பேச வேண்டும். 50 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தவர்க்கு மாணவர்கள் கையால் எழுதிய கடிதங்கள் அஞ்சலில் வரும் ஏற்பாடு இந்தச் சேவையின் பெரும் கவர்ச்சியாகப் பேசப்படுகிறது. சிறு பிள்ளைகள் வண்ணப் பென்சிலில் எழுதுவது அழகுதான். ஆனால் இன்னும் ஓரிரு ஆண்டில் வாக்களிக்கப் போகும் ஒருவர், தம் பள்ளியில் இயல்பாகவே இருந்திருக்க வேண்டிய பாதுகாப்புக் கண்ணாடிக்காக யாரோ ஒருவருக்கு நன்றி எழுதும்போது அவர் மனத்தில் என்ன ஓடும்? அந்தக் கடிதங்கள் வேண்டாம் என்று கொடையாளர் சொல்ல வாய்ப்பிருக்கிறது. உயர்நிலைப் பள்ளிக்குக் கொடுக்கும்போது நான் அதையே தேர்கிறேன். பாடவேளையும் மிஞ்சும். ஆசிரியர் எழுதும் குறிப்பும் படமும் எனக்குப் போதும். அவற்றிலுங்கூட மாணவர் முகம் தெரியும் படங்களுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்ற விதி சரியானதே.

கால எல்லையைப் பொறுத்தவரை விதி கண்டிப்பானது. ஒரு கோரிக்கை ஏறத்தாழ நான்கு மாதம் இருக்கும். அதற்குள் முழுத்தொகை சேராவிட்டால் பொருள் எதுவும் வாங்கப்படாது. கொடுத்த பணம் கொடையாளர் கணக்கில் வரவாக நின்று, வேறு கோரிக்கைக்குத் திருப்பவோ அதே ஆசிரியருக்குப் பரிசுச் சீட்டாக அனுப்பவோ இடம் தரும். ஆகவே தொள்ளாயிரம் டாலர் கோரிக்கையில் முதல் இருபது டாலரை இடுவதைவிட, முடியும் தறுவாயில் நிற்கும் கோரிக்கையை முடித்துவைப்பதில் உறுதி அதிகம். நிறுவனங்களும் அறக்கட்டளைகளும் ‘நீங்கள் ஒன்று கொடுத்தால் நாங்கள் ஒன்று’ என்று இணைத்தொகை அறிவிக்கும் கோரிக்கைகளும் உண்டு. அவற்றில் கொடுத்தால் தொகை இரட்டிக்கும் என்பது உண்மை. அவை எப்படியும் விரைவில் நிறைந்துவிடும் என்பதும் உண்மை. யாரும் எட்டிப் பார்க்காத, இணைத்தொகை இல்லாத வேதியியல் கோரிக்கைக்கே என் வாக்கு.

பெருங்கொடைகளும் இந்தத் தளத்தின் வரலாற்றில் இடம்பெற்றுள்ளன. 2015இல் தொலைக்காட்சி நகைச்சுவையாளர் ஸ்டீபன் கோல்பேர், தம் சொந்த மாநிலமான தென் கரோலினாவிலிருந்து வந்திருந்த கோரிக்கைகள் அனைத்தையும் வேறு சில அமைப்புகளோடு சேர்ந்து எட்டு லட்சம் டாலர் செலவில் நிறைவேற்றினார். 2018 மார்ச்சில் ரிப்பிள் என்னும் நிறுவனம் 2 கோடியே 90 லட்சம் டாலர் மதிப்புள்ள மின்னணு நாணயத்தைக் கொடுத்து, அன்று தளத்திலிருந்த 35,647 கோரிக்கைகளையும் ஒரே அடியாக முடித்துவைத்தது. பட்டியல் ஒரு நாள் காலியாயிற்று. பிறகு மீண்டும் நிறைந்தது. பென்சிலும் வேதிப்பொருளும் ஆண்டுதோறும் தீர்கின்றன, அவற்றுக்கான வரவுசெலவுத் திட்ட ஒதுக்கீடு மட்டும் அப்படியே நிற்கிறது என்றால் வேறென்ன நடக்கும்? இதனால்தான் சில கல்வி மாவட்டங்கள் ஆசிரியர்கள் இணையத்தில் பொருள் கேட்பதற்குக் கட்டுப்பாடு விதித்திருக்கின்றன. கணக்கில் வராத உடைமை, பாடத்திட்டத்தோடு பொருந்தாத கருவி, மாணவர் அந்தரங்கம் என்று அவை சொல்லும் காரணங்களில் நியாயம் இருக்கிறது. மாவட்டம் தரத் தவறியதை ஊரறியச் சொல்வது போலாகிறதே என்ற கூச்சமும் அவற்றோடு கலந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

மாற்று வழிகளை ஒப்பிட்டால் டோனர்ஸ்சூஸின் இடம் தெளிவாகும். ஆசிரியர்கள் அமேசானில் விருப்பப் பட்டியல் வைத்துச் சமூக ஊடகத்தில் பகிரும் வழக்கம் அண்மை ஆண்டுகளில் பரவியிருக்கிறது. அதில் இடைச்செலவு இல்லை, இருபது டாலர் பொருளை இன்றே வாங்கி அனுப்பிவிடலாம். ஆனால் சரிபார்ப்பு இல்லை, வரிக்கழிவும் இல்லை, நாம் கண்டுபிடிப்பதும் ஏற்கெனவே இணையத்தில் குரல் உள்ளவர்களைத்தான். கோஃபண்ட்மீ போன்ற பொதுத் திரட்டுத் தளங்களில் பணம் நேரே ஆளிடம் போகிறது. தெரிந்த ஆசிரியர் என்றாலன்றி அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடாப்ட் எ கிளாஸ்ரூம் என்பது 1998 முதல் இயங்கும் இன்னோர் இலாப நோக்கற்ற அமைப்பு. அங்கே ஆசிரியர் பெயரில் தொகை சேர்கிறது. தேவை எழும்போது அவர் அங்கீகரிக்கப்பட்ட கடைகளில் வாங்கிக்கொள்கிறார். இன்ன பொருளுக்கு என்று காட்டும் துல்லியம் அதில் குறைவு. ஆசிரியருக்கு நெகிழ்வு அதிகம். நவம்பரில் என்ன தீரும் என்று செப்டம்பரில் சொல்ல முடியாத ஆய்வக ஆசிரியருக்கு அது சில வேளைகளில் கூடுதலாகப் பொருந்தும்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு நடைமுறைக் குறிப்பு ஒன்று. இது வரிவிலக்குத் தகுதி பெற்ற அறக்கொடை அமைப்பு என்பதால், பெருநிறுவனங்கள் பல தம் ஊழியர் கொடுக்கும் தொகைக்கு இணையாகத் தாமும் தருகின்றன. நிறுவனத்தின் கொடைப் பக்கத்தில் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு அதன் வழியாகக் கொடுப்பது நல்லது. செலவுகளைத் தனித்தனியே பட்டியலிடாமல் நிலையான கழிவை எடுப்பவர்களும் 2026ஆம் வரியாண்டு முதல் தனிநபர் 1,000 டாலர் வரையும், தம்பதியர் 2,000 டாலர் வரையும் இத்தகைய ரொக்கக் கொடையைக் கழித்துக்கொள்ள முடியும். இந்தியாவிலிருந்து கொடுப்பவர்களுக்கு அந்த வரிச்சலுகை பொருந்தாது.

தமிழ்நாட்டில் 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தோடு இதை ஒப்பிட்டுக் கேட்பவர்கள் உண்டு. இரண்டிலும் கொடையாளர் பள்ளியைத் தேர்ந்து கொடுக்கலாம் என்ற அளவில் ஒற்றுமை இருக்கிறது. ஆனால் அது அரசே முன்னின்று நடத்துவது. முன்னாள் மாணவரையும் நிறுவனங்களையும் தேடுவது. கட்டடம், கழிப்பறை, திறன் வகுப்பறை வரை போவது. டோனர்ஸ்சூஸ் அரசுக்கு வெளியே நின்று, தனி ஆசிரியரின் மேசை வரை மட்டுமே எட்டுகிறது. கூரை ஒழுகினால் அதனிடம் மருந்தில்லை. ஆலோசகர் பதவி காலியாக இருந்தாலும் இல்லை. அந்தக் காரியங்கள் கல்வி வாரியத்தின் கூட்டத்திலும் மாநிலச் சட்டமன்றத்திலும் தீர வேண்டியவை. வாக்குரிமை இல்லாமல் சொத்துவரி மட்டும் கட்டிக்கொண்டிருக்கும் நம்மவர்கள்கூட வாரியக் கூட்டத்தில் பொதுமக்களுக்கு ஒதுக்கிய நேரத்தில் எழுந்து பேசலாம் என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை.

இந்த எல்லைக்குள் வைத்துப் பார்த்தால் நான் தயங்காமல் பரிந்துரைக்கும் சேவை இது. ஐந்துக்கு நான்கு என்று மதிப்பிடுவேன். குறைத்த ஒன்று, உயர்நிலைப் பள்ளிகளை முன்வரிசைக்குக் கொண்டுவர அமைப்பு இன்னும் முயலலாம் என்பதற்காக. எங்கே தொடங்குவது என்று கேட்பவர்க்கு: வகுப்பு நிலையை 9 முதல் 12 என்று வைத்து, பாடத்தில் அறிவியலையோ இலக்கியத்தையோ தேர்ந்து, உங்கள் மாநிலத்தில் மிகக் குறைவாகக் கொடை வந்திருக்கும் கோரிக்கைகளைப் பாருங்கள். தீர்ந்துபோகும் பொருளைக் கேட்கும் ஓர் ஆசிரியரைக் கண்டால், இவ்வாண்டு அவர் கோரிக்கையை நிறைவேற்றிவிட்டு அடுத்த ஆகஸ்டில் அதே ஆசிரியரின் பக்கத்துக்குத் திரும்பிச் செல்லுங்கள்; வடிதாள் அதற்குள் தீர்ந்திருக்கும்.